கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் யாருக்கோ பதில் எழுதும்போது, "பதினான்கு வயதில் ஸ்டாங்கர் ஊர் பயாஸ்கோப்பில் ஆபரேட்டருக்கு எடுபிடியாக இருந்தேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். திருக்குறளைப் பற்றி நான் எழுதிய எட்டுப் பக்கத்துக்கு இரண்டு கடிதம் வந்தது. இந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை மேசை தாங்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க நம் தென்னாப்பிரிக்கக் கொட்டகைதான்: பயாஸ்கோப் என்று நாம் சொல்லும் சினிமாவும், நாடக அரங்கும். ஆங்கிலத்தில் வந்தவற்றை நானே தமிழாக்கியிருக்கிறேன். திட்டி வந்த ஒன்றையும் ஒளிக்கவில்லை.

கேள்வி: என் பேத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு இங்குள்ள ஆப்பரா ஹவுஸுக்குப் போய் வந்தாள். "ஆயா, அங்கே ஆப்பராவா பாடினார்கள்?" என்று கேட்கிறாள். நான் சவுத் எண்டில் பிறந்தவள். அந்தக் கட்டடத்தைத் தாண்டி எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. அவளுக்கு என்ன சொல்ல?
— ஒரு பாட்டி, மலபார் பேட்டை, போர்ட் எலிசபெத்

பதில்: அம்மா, முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த இடத்தில் ஒரு காலத்தில் தூக்குமரம் நின்றது. ஊர் கூடி வேடிக்கை பார்க்க, ஆளைத் தூக்கில் போட்ட இடம். அங்கேதான் 1892 டிசம்பர் 1ஆம் தேதி அந்த அரங்கைத் திறந்தார்கள். ஆப்பராவை மறந்தாலும் இதைப் பிள்ளை மறக்க மாட்டாள்.

ஆப்பராவும் எப்போதாவது பாடியிருப்பார்கள். துறைமுக ஊர் அல்லவா? கப்பலில் வந்து இறங்குகிற கம்பெனி எதைக் கொண்டுவந்ததோ அதுதான் ஆட்டம்: நாடகம், பாட்டு, மந்திரவாதி, கோமாளி. ஆப்பரா நிரந்தரமாக இருந்தது பெயர்ப்பலகையில்தான். கேப் டவுனிலும் 1893இல் இதே பெயரில் ஒன்று கட்டினார்கள். 1937இல் அதை இடித்துவிட்டுப் பெரிய தபால் ஆபீஸ் எழுப்பினார்கள். உங்கள் ஊர்க் கட்டடம் தப்பியதே பெரிய காரியம். ஆனால் உலகத்தின் தென்பாதியிலேயே பழைய அரங்கு அதுதான் என்று யாராவது பெருமை பேசினால் தலையாட்ட வேண்டாம். மொரீஷியஸில் போர்ட் லூயி அரங்கு 1822இல் திறந்தது. டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் 1837இல் திறந்த அரங்கு இன்னும் நடக்கிறது.

இந்தப் பெயர் மோகம் தலைக்கேறியது அமெரிக்காவில். அங்கே உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், ரயில் போன வழியெல்லாம் முளைத்த சிற்றூர்கள் ஆளுக்கொரு ஆப்பரா ஹவுஸ் கட்டின. ஒரே ஒரு கடைத்தெருதான் இருக்கும், ஆனால் அதில் ஒரு ஆப்பரா ஹவுஸ் இருக்கும். ஏன் நாடகக் கொட்டகை என்று வைக்கவில்லை? மாதாகோவில் பெரியவர்களுக்கு நாடகம் என்றால் பாவம். கூத்தாடி, குடி, கெட்ட பெண்கள் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆப்பரா என்றால் சங்கீதம், சீமையில் சீமான்கள் கேட்பது. பெயரை மாற்றினால் பாதிரியார் மனைவியும் டிக்கெட் வாங்கலாம். என் ஆயா சொல்வாள், "பேரு பொன்னம்மா, காதுல போடத் தோடில்ல" என்று. அதே கதைதான்.

அந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் மாடியில் இருந்தன. கீழே மளிகைக்கடை, ஆணிக்கடை, சில ஊரில் வங்கி. கீழ்க்கடை வாடகையில்தான் மேலே உள்ள சங்கீதம் பிழைத்தது. அங்கே பள்ளிக்கூடத்து விழா நடக்கும், தேர்தல் பேச்சு நடக்கும், நடனம் நடக்கும், நாற்காலியை ஒதுக்கிவிட்டுச் சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு சுற்றுவார்கள். ஊருக்கு ஒரு பெரிய கூடம், அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஸ்டாங்கர் கொட்டகையும் அப்படித்தான். அப்போது ஞாயிற்றுக்கிழமை படம் காட்டச் சட்டம் விடாது. கொட்டகைக்காரர் கூடத்தைச் சும்மா போடுவாரா? கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டார். என் அக்காள் கல்யாணம் அங்கேதான். வெள்ளைத் திரைக்கு முன்னால் வாழை மரம் கட்டி, மேடையில் மணவறை போட்டு, சொந்தக்காரர்கள் எல்லாம் நம்பர் போட்ட நாற்காலியில். தாலி கட்டும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன் விசிலடித்தான். பழக்கதோஷம்.

பேத்தியிடம் இன்னொன்றும் சொல்லலாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அந்த ஆப்பரா ஹவுஸ்களுக்குப் பக்கவாட்டில் ஒரு தனிப் படிக்கட்டு இருக்கும். கறுப்பின மக்கள் அந்த வழியாக ஏறி மேல்மாடத்தில்தான் உட்கார வேண்டும். முன்வாசலில் தோரணம், பக்கத்தில் அந்தப் படிக்கட்டு. நீங்கள் உள்ளே போகாமல் தாண்டி நடந்ததும், 1960களில் இனம் பார்த்துச் சவுத் எண்டைக் காலி செய்ய வைத்து உங்களை மலபாருக்கு அனுப்பியதும் அவளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், தூக்குமரத்துக்கு அடுத்து அதைச் சொல்லுங்கள்.

அதனால்தான் எந்தக் கொட்டகையைப் பார்த்தாலும் நான் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை, கதவைப் பார்ப்பேன். யாருக்கு எந்தக் கதவு, அது எந்தப் பக்கம் திறக்கும். இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். பென்சில்வேனியா மாநிலத்தில் பாயர்டவுன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு ஆப்பரா ஹவுஸ், மாடியில். 1908 ஜனவரி 13 இரவு, மாதாகோவில் ஞாயிறுப் பள்ளிக்காரர்கள் நாடகம் போட்டார்கள். மேடை ஓரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. பரபரப்பில் விளக்கு சாய்ந்தது, தீ பிடித்தது, சனம் வாசலுக்கு ஓடியது. இரட்டைக் கதவில் ஒன்று தாழ் போட்டிருந்தது. மற்றது உள்பக்கம் திறப்பது. முன்னால் நிற்பவர் கதவை இழுக்க வேண்டும், பின்னால் வருபவர்கள் அவரைக் கதவோடு அழுத்துகிறார்கள். எப்படித் திறக்கும்? சுமார் 170 பேர் போய்விட்டார்கள். ஊரில் சாவு விழாத வீடு குறைவு. அடுத்த வருடமே அந்த மாநிலம் கூடங்களுக்குத் தீப் பாதுகாப்புச் சட்டம் போட்டது.

அதற்கு நான்கு வருடம் முன்பே, 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் இரோக்வாய் என்ற புத்தம் புது அரங்கு எரிந்து 602 பேர் இறந்திருந்தார்கள். தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விளம்பரம் செய்த அரங்கு. அங்கும் பூட்டிய கதவுகள், உள்ளே திறக்கும் கதவுகள். இன்று பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, தள்ளினால் கதவு வெளியே திறந்துகொள்கிறதே, அந்தத் தீயை மனதில் வைத்துச் செய்த கருவி அது. அடுத்த முறை பேத்தி அதைத் தள்ளும்போது நினைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: அப்பா அம்மா எல்லாம் சினிமா என்று சொல்லவே மாட்டார்கள். "பயாஸ்கோப்", சுருக்கமாக "பயோ". இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?
— டோங்காட் வாசகர்

பதில்: அது ஒரு மெஷினின் பெயர் தம்பி. லண்டனில் சார்லஸ் அர்பன் என்பவர் விற்ற படக்கருவி. மெஷின் குப்பைக்குப் போனபின்னும் பெயர் நம் நாட்டில் ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்கான்ஸ்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். சைக்கிள் பம்பை எல்லாம் ஒரே கம்பெனி பெயரால் கூப்பிடுவது போல.

இந்த நாட்டில் முதன்முதலில் திரையில் அசையும் படம் காட்டியவர் ஒரு மந்திரவாதி. கார்ல் ஹெர்ட்ஸ் என்ற வித்தைக்காரர், 1896 மே மாதம் ஜோஹன்னஸ்பர்க்கில் தன் வித்தைகளுக்கு நடுவே காட்டினார். மேடையில் ஒருவர் தொப்பியிலிருந்து முயல் எடுத்தபின், துணியில் ஆள் நடந்தால், அதையும் வித்தை என்றுதானே நினைப்பார்கள்? படத்துக்கென்றே நிலையான கொட்டகை முதலில் வந்தது நம் டர்பனில், 1909இல். பெயர் எலெக்ட்ரிக் தியேட்டர். நான்கு வருடம் கழித்து, 1913இல், சென்னை மவுண்ட் ரோட்டிலும் எலெக்ட்ரிக் தியேட்டர் என்றே ஒன்று திறந்தது. மின்சாரம் அப்போது அவ்வளவு பெரிய அதிசயம். சென்னைக் கட்டடம் இப்போது தபால் ஆபீஸ் வளாகத்துக்குள் நிற்கிறது. கேப் டவுன் கதையும் அப்படித்தான் முடிந்தது. படத்துக்கும் தபாலுக்கும் என்ன பூர்வஜன்மப் பகையோ.

அமெரிக்கர்கள் வேறு மாதிரிப் பெயர் வைத்தார்கள். 1905இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு காலிக் கடையில் நாற்காலி போட்டு ஐந்து சென்ட் வாங்கிப் படம் காட்டினார்கள். ஐந்து சென்ட் நாணயத்துக்கு நிக்கல் என்று பெயர், அரங்குக்குக் கிரேக்கத்தில் ஓடியன், இரண்டையும் ஒட்டி நிக்கலோடியன். அந்த நிக்கல்தான் மாடி ஆப்பரா ஹவுஸ்களைக் கொன்றது. ஊர் சுற்றும் நாடகக் கம்பெனிக்கு ரயில் செலவும் சோற்றுச் செலவும் உண்டு, படப்பெட்டி சோறு கேட்காது. கணக்குத் தெரிந்த முதலாளிகள் மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டார்கள். நம் கணக்குப்படி நாம் "டிக்கியோடியன்" என்று வைத்திருக்க வேண்டும். மூன்று பென்னி டிக்கிக் காசைக் கொடுத்துத்தான் முன்வரிசை மரப்பெஞ்சில் உட்கார்ந்தோம். 1961இல் ராண்ட் வந்து டிக்கியைக் கொண்டுபோனது.

தமிழ்நாட்டுக்காரர்கள் வைத்த பெயர்தான் நேர்மையானது. கொட்டகை. மாட்டுக்கும் அதே பெயர், மனிதருக்கும் அதே பெயர். திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். துணிக்கூடாரத்துக்கு அரண்மனை என்று பெயர் வைக்கவில்லை. டர்பன் விக்டோரியா தெருவிலோ ராயல் பிக்சர் பேலஸ், விக்டோரியா பிக்சர் பேலஸ் என்று எங்கு பார்த்தாலும் அரண்மனை. ராஜா மட்டும் வரவில்லை.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துக் கோபம் வந்தது. "பயாஸ்கோப் வரும்வரை தோட்டக்காட்டில் நம்மவர்க்குக் கேளிக்கையே கிடையாது" என்று சொல்லியிருக்கிறீர்கள். என் தாத்தா அர்ச்சுனன் வேடம் கட்டியவர். அவர் என்ன கேளிக்கை இல்லாமலா கட்டினார்?
— உம்சிண்டோ

பதில்: தப்புதான். காதைப் பிடித்துக்கொள்கிறேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு மதராஸில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் மூட்டையில் கூத்தும் வந்தது. கரும்புத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது கூலிகளின் வரிசை வீடுகளுக்கு முன்னால், இரவு தொடங்கினால் விடிய விடிய. பாரதக் கதைதான் அதிகம். மரக்கட்டையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, கண்ணாடிச் சில்லு, அரிதாரம், பெண் வேடமும் ஆணே. இங்கே ஆங்கிலத்தில் இதற்கு "சிக்ஸ் ஃபுட் டான்ஸ்" என்று பெயர் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். தெருக்கூத்து என்றால் விழிக்கிறார்கள்.

நான் சின்னப் பையனாக ஒரே ஒரு கூத்து முழுதாகப் பார்த்திருக்கிறேன். முழுதாக என்றால், திரௌபதி துகிலுரிதல் வரை விழித்திருந்தேன், பிறகு ஆயா மடி. கூத்துக்குக் கதவே கிடையாது என்பது இப்போதுதான் படுகிறது. தோட்டத்து ஆப்பிரிக்கர்களும் வந்து நின்று பார்த்தார்கள், யாரும் டிக்கெட் கேட்கவில்லை. உங்கள் தாத்தாவின் புஜக்கட்டை வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் அப்பா இருபத்தைந்து வருடம் பயாஸ்கோப்பில் ஆபரேட்டர். போன வருடம் தவறிவிட்டார். அவர் வலது புறங்கையில் பொட்டுப் பொட்டாகச் சின்னத் தழும்புகள் இருக்கும். கேட்டால் "வெளிச்சம் கடிச்சது" என்பார். உள்ளே என்ன வேலை செய்தார் என்று எங்களுக்குச் சொன்னதே இல்லை. நீங்கள் சொல்வீர்களா?
— மகள், சாட்ஸ்வொர்த்

பதில்: அப்பா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. என் கையிலும் இரண்டு பொட்டு இருக்கிறது.

அந்தக் காலத்துப் புரொஜக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகள், மேலே செம்புப் பூச்சு. ஒன்று சற்றுத் தடிமன், ஒன்று மெலிசு. இரண்டின் நுனியையும் தொடவிட்டுக் கொஞ்சம் பிரித்தால் நடுவே மின்சாரம் தாவும். அந்தத் தாவல்தான் வெளிச்சம். வெறும் கண்ணால் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல். கறுப்புக் கண்ணாடிச் சன்னல் வழியாகத்தான் பார்ப்போம். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும். கூடினால் திரையில் படம் மஞ்சளாகும், பிறகு அணையும். அதனால் ஒரு கை எப்போதும் திருகாணியில். எரியும்போது செம்பு உருகிச் சொட்டாகத் தெறிக்கும். குச்சியை மாற்றும்போது அடிக்கட்டை கொதிக்கக் கொதிக்க இருக்கும். அவைதான் அந்தப் பொட்டுகள். புகை போகக் கூரைக்கு ஒரு தகரக் குழாய். டிசம்பர் வெயிலில் அந்த அறைக்குள் சட்டையோடு நின்ற ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை.

படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடம். தமிழ்ப் படம் என்றால் பதினாறாயிரம், பதினெட்டாயிரம் அடி. அப்பா மூன்று மணி நேரமும் உட்காரவே முடியாது. சுருள் முடியப்போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னும். உடனே இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு வினாடியில் இன்னொரு வட்டம். அப்போது ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்க்குத் தெரியவே கூடாது. தெரியாமல் செய்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், ஒருமுறை தவறினால் ஊரே ஆபரேட்டரின் அம்மாவை விசாரிக்கும். உங்கள் அப்பா வீட்டில் ஏன் அதிகம் பேசவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

பயந்த விஷயம் நைட்ரேட் பிலிம். 1951இல்தான் கோடாக் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியது. நான் வேலைக்குப் போன 1954இல், டர்பனிலிருந்து வந்த பழைய பிரிண்டுகளில் அது இன்னும் இருந்தது. தீப்பிடித்தால் அணைக்க முடியாது. தானே ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டு தண்ணீருக்கடியிலும் எரியும். அதனால்தான் ஆபரேட்டர் அறைச் சன்னலுக்கு மேலே இரும்புத் தகடு தொங்கும். சூட்டில் உருகிவிடும் ஒரு சின்னக் கண்ணியில் அதைக் கட்டியிருப்பார்கள். தீ பட்டால் கண்ணி உருகித் தகடு தொப்பென்று விழுந்து சன்னலை மூடும். கூடத்திலுள்ள சனம் தப்பும். உள்ளே இருக்கும் ஆபரேட்டர்? அவருக்கு வெளியே திறக்கும் ஒரு சின்ன இரும்புக் கதவு. எங்கள் ஆபரேட்டர் அண்ணன் முதல் நாள் எனக்கு மெஷினைக் காட்டவில்லை. கண்ணை மூடச் சொல்லி, மூன்றுமுறை சுற்றிவிட்டு, "கதவைத் தொட்டுக் காட்டு" என்றார். தொடும்வரை விடவில்லை.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். படப்பெட்டி டர்பனிலிருந்து ரயிலில் வரும், தகர டிரங்குப் பெட்டியில். ஒருநாள் தமிழ்ப் படம். மாதத்துக்கு ஒன்றுதான் தமிழ், மற்றதெல்லாம் இந்தியும் இங்கிலீஷும். அதனால் டார்னல் வரைக்கும் உள்ள சனமெல்லாம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து சுருளை எண்ணி அடுக்குவது என் வேலை. எண்ணினேன், சரியாக இருந்தது. ஆனால் கடைசிச் சுருளின் தகரத்துக்குள் வேறு ஏதோ இங்கிலீஷ் படத்தின் சுருள். திறந்து பார்க்க வேண்டியது நான், பார்க்கவில்லை. வில்லன் கதாநாயகியைக் கடத்தும் இடத்தில் படம் நின்றது. கொட்டகைக்காரர் மேடைக்குப் போய்க் கும்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பணம் திருப்பித் தருகிறேன் என்றார். "பணம் வேணாம், முடிவு வேணும்" என்று ஒரு கிழவி கத்தினாள். கடைசியில், அதே படத்தை டர்பனில் பார்த்திருந்த தையற்காரர் ஒருவரை மேடையில் ஏற்றினார்கள். அவர் சண்டையை நடித்தே காட்டினார், கடைசிப் பாட்டைப் பாடினார், கதாநாயகியாக அழுதார். வெளியே போகும்போது ஒருவர் என் தோளில் தட்டி, "படத்தை விட இது நல்லாருந்திச்சிடா" என்றார். கொட்டகைக்காரர் அப்படி நினைக்கவில்லை. அந்த வாரக் கூலி எனக்கு வரவில்லை.

கேள்வி: டர்பன் கிரே தெருக் கொட்டகைகள் பெயரெல்லாம் நினைவிருக்கிறதா? எது உங்களுக்குப் பிடிக்கும்?
— பீனிக்ஸ்

பதில்: ராவத் பயோ, அதுதான் நம்மவர் நடத்திய முதல் கொட்டகை என்பார்கள். அப்புறம் ஆல்பர்ட், ராயல், விக்டோரியா, அவலோன், ராஜ், நாஸ், ஷா ஜஹான். இஸ்ஃபஹான் கடைசியில் வந்தது. அவலோன்காரர்கள் இன்றைக்கும் படத்தொழிலில் இருக்கிறார்கள். பிடித்தது ஷா ஜஹான். உள்ளே போனதும் அவ்வளவு பெரிய கூடம், அவ்வளவு சனம், எல்லாரும் நம்மவர்.

அப்போது வெள்ளைக்காரர் கொட்டகைக்குள் நமக்கு இடம் கிடையாது. ஸ்மித் தெருவில் 1935இல் திறந்த பிளேஹவுஸ் உள்ளே கூரையில் நட்சத்திரம் மின்னும் என்று கேள்விப்பட்டு வளர்ந்தேன். எண்பதுகளில், அது நாடக அரங்கான பிறகு, நாற்பத்தைந்து வயது தாண்டி, முதல்முறை உள்ளே போனேன். அண்ணாந்து பார்த்தேன். மின்னியது. நல்ல வேலைப்பாடுதான். பத்து வயதில் பார்த்திருந்தால் வாயைப் பிளந்திருப்பேன்.

நம்மவர் கொட்டகையைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தணிக்கைக்காரர்கள் சில படங்களை ஆப்பிரிக்கர்கள் பார்க்கக் கூடாது என்று எழுதியே அனுப்புவார்கள். எங்கள் கொட்டகையில் ரயிலடியிலிருந்து படப்பெட்டியைத் தலையில் சுமந்து வருபவர் ஒரு ஜூலு இளைஞர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். பெட்டியை அறைவாசலில் இறக்கி வைப்பார், அப்புறம் பக்கக் கதவுக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்பார். இடைவேளையில் என்னிடம், "இப்போது சுட்டது யார், நல்லவனா கெட்டவனா?" என்று கேட்பார். நான் சொல்வேன். பக்கக் கதவைத் திறந்துவிட எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது.

கேள்வி: கொட்டகைகள் ஏன் மூடின? டிவிதானே காரணம்?
— ஐசிபிங்கோ

பதில்: டிவி கடைசி அடி. இந்த நாட்டில் அது 1976 ஜனவரி 5ஆம் தேதிதான் முறையாக வந்தது. அதில் தமிழ் எங்கே இருந்தது? நம் கொட்டகைகளை முடித்தது வீடியோ கேசட். அதற்கு முன்பே ஆட்களைத் தூக்கிப் போய்விட்டார்கள். இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த 1950ஆம் வருடத்துக் குழுப்பகுதிச் சட்டத்தைக் காட்டி, அறுபதுகளில் நகரத்துச் சனத்தை சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றினார்கள். கிரே தெருவுக்கு நடந்து வந்தவர்கள் பஸ் காசு கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரவு ஆட்டம் முடிந்து பஸ் கிடையாது. கொட்டகை நின்ற இடத்தில்தான் நின்றது, பார்க்க வருகிறவர்கள்தான் இடம் மாறிவிட்டார்கள்.

கேள்வி: ஐயா, நீங்கள் வேலை பார்த்த கொட்டகை இன்னும் இருக்கிறதா?
— பன்னிரண்டு வயது வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் (அம்மாதான் எழுதிக் கொடுத்தாராம்)

பதில்: இருக்கிறது பாப்பா. மெத்தையும் கட்டிலும் விற்கும் கடையாக இருக்கிறது. ஊர் பெயர் இப்போது க்வாடுகுசா. போன ஈஸ்டருக்குப் போயிருந்தேன். சாய்வாக இருந்த தரையைச் சிமெண்ட் போட்டுச் சமமாக்கிவிட்டார்கள். அக்காள் தாலி கட்டிக்கொண்ட மேடையில் குளிர்பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அண்ணாந்தால், பின்சுவரில் இரண்டு சதுர ஓட்டைகள், அந்த இரும்புத் தகடு கூட அப்படியே. கடைக்காரப் பையனிடம் அது என்ன என்று கேட்டேன். காற்று வர வைத்திருப்பார்கள் என்றான்.

பக்கக் கதவு பழைய கதவேதான், வெளியே திறப்பது. அதன்மேல் கட்டில்களைச் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். முதலாளியைக் கூப்பிட்டு, கதவை மறைக்கக் கூடாது, மெத்தை எல்லாம் பஞ்சு, பற்றினால் என்ன ஆவது என்று சொன்னேன். பாயர்டவுன் கதையையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். நான் டீயைக் குடித்து முடித்துக் கிளம்பும்வரை ஒரு கட்டிலும் நகரவில்லை.